பம்பாயில் அண்ணன் இறங்கிய பகல்

1

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு தந்தி வந்தது. எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெபராஜ் என்ற பட்டாளத்துப் பிள்ளைக்கு. அப்பா சீரியஸ், உடனே புறப்படு என்று இருந்தது. அதே தபால்காரர் என் வீட்டுக்காரர் பெயருக்கும் ஒரு தந்தி கொண்டுவந்திருந்தார். உண்மை அதில் இருந்தது. தகப்பனார் காலமானார், பையனிடம் சொல்ல வேண்டாம், ரயில் ஏற்றிவிடவும்.

இந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரில் உட்கார்ந்து இந்த இரண்டு தந்திகளையும் எழுதி அனுப்புகிறவர்கள் நீங்கள்தானே. பயணத்தில் இருப்பவனிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். பூனாவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்தத் தாபோடியில் அதை நாங்கள் விடவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை பாட்டே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் மட்டும் கசங்காமல் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஜெபராஜ் கடைக்குப் போய் அப்பாவுக்கு என்று நாக்பூர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். தெருவில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பையைப் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் படியேறிப் போய் அவனை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அவன் அழுத சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இப்போது தெருவில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீச்சருக்கு வாய் நீளம், நெஞ்சு கல்லு என்று பேச்சு. என் வீட்டுக்காரருக்கே என் மேல் கோபம். கல்லா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் கப்பலில் வந்து பம்பாயில் இறங்கிய அந்த ஒரு பகலை மட்டும் சொல்கிறேன்.

2

அண்ணன் தானியேல் என்னைவிட ஆறு வயது மூத்தவன். இங்கேதான், தாபோடியில், பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டான். அங்கே ரயில்வேயில் வேலை, அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்த மதினியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் அவன் இந்தப் பக்கம் வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று எழுதுவான், அப்புறம் கூரை மாற்றினோம், கார் மாற்றினோம் என்று எழுதுவான்.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். அம்மாவுக்குக் காது கேட்காது. அண்ணன் டிரங்கால் போடும் நாளில் நாங்கள் பக்கத்து மருந்துக்கடையில் போய்க் காத்திருப்போம். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் என்ன சொன்னாலும், "சரிப்பா. சாப்பிட்டியா? சரிப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மகன் குரல் கேட்டதா என்று யாராவது கேட்டால் கேட்டது என்பாள். பொய்தான், ஆனால் அந்த ஒரு பொய்க்காக அவளை யாரும் கண்டித்ததில்லை.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆகி, வேலையில் இருந்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வந்த பணத்தில் அவனும் மதினியும் உலகத்தைச் சுற்றும் கப்பல் ஒன்றில் டிக்கெட் எடுத்தார்கள். பம்பாயில் கப்பல் ஒரு பகல் நிற்கும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலடிக்கு வந்துவிடு என்று எழுதினான். ஒரு பகல்தானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கரை வைத்த வெள்ளைச் சேலை ஒன்றை வாங்கச் சொன்னாள். கப்பலுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அலமாரியில் வைத்தாள். தினமும் எடுத்துப் பார்த்து மறுபடி மடித்து வைப்பாள்.

அண்ணன் கப்பல் ஏறிய பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மார்ச்சளி கட்டிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தச் சேலையைத்தான் பெட்டிக்குள் உடுத்தி அனுப்பினோம்.

கப்பலுக்கே தந்தி அடிக்கலாமாம், தபாலாபீசில் சொன்னார்கள். நான் அடிக்கலாம் என்றேன். வீட்டில் கூடியிருந்த சபை மூப்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"நெஞ்சு ஆபரேஷன் ஆனவன். நடுக்கடல்ல கெடக்கவனுக்குச் சொல்லி என்னத்துக்கு? வெடுக்குனு கடல்ல குதிச்சிட்டாம்னா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கரையில எறங்கட்டும். கூடப் பிறந்தவ நீ பக்குவமாச் சொல்லிரு" என்றார் ஒரு மூப்பர். அந்தப் பக்குவம் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லித்தரவில்லை.

3

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண் மூத்த மகன் போட வேண்டும். சபைப் பாதிரி ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மூத்த மகன் செங்கடலில் எங்கேயோ இருந்தான். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து மூன்று பிடி போட்டார். எனக்கு மனது ஆறவே இல்லை.

அதனால் பம்பாய்க்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் கல்லறைக்குப் போய், இன்னும் கல் வைக்காத அந்த மேட்டில் இருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தேன். அண்ணனால் பூனா வர முடியாது. மண் போகலாம் அல்லவா. அவன் கையால் அள்ளிப் போடட்டும், திரும்பக் கொண்டுவந்து மேட்டில் கொட்டிவிடலாம் என்பது என் கணக்கு. "டின்னுல அடைச்சு மண்ணு கொண்டு போறவள இப்பத்தான் பாக்கேன்" என்றார் வீட்டுக்காரர். ஆகுர்டி பாக்டரியில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் மகள் ஷீலா கூட வந்தாள். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஷீலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் மட்டும் வாய்க்குள் கல் போட்டதுபோல வரும். ரயிலில் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், மாமாவிடம் ஆச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

துறைமுக வாசலுக்குள் எங்களை விடவில்லை. உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸுக்கு வேறொரு ஆபீஸ், அந்த ஆபீசில் கேட்டால் வாசலில் கேட்கச் சொன்னார்கள். வாசலில் நின்ற ஹவில்தார் என் பையைத் திறந்து டின்னை எடுத்தார். மூடியைக் கழற்றி, இரண்டு விரலை விட்டுத் துழாவினார்.

"க்யா ஹை இஸ்மே?" உள்ளே என்ன என்று கேட்டார்.

நான் இந்தியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஷீலா மராத்தியில் சொன்னாள். "ஆஜிச்சீ மாத்தி ஆஹே, காகா." பாட்டியுடைய மண்.

அவர்கள் ஊர்ப்பக்கத்தில் சாவுக்குப் போவதையே மண்ணுக்குப் போவது என்றுதான் சொல்வார்களாம்.  அந்த மனிதர் விரலில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைக்காமல் டின்னுக்குள்ளேயே தட்டிவிட்டு, மூடியை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நிழலில் நிற்கச் சொன்னார்.

4

அண்ணன் வைக்கோல் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகி இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த நிமிஷமே என் தோளுக்குப் பின்னால் தேடினான்.

"அம்மய எங்க, பிள்ள?"

வீட்டில் ஒத்திகை பார்த்ததுதான். "கால் வீங்கியிருக்கு அண்ணே. ரயில்ல ஏற முடியல."

அவன் முகம் வாடிவிட்டது. "ஒரு டாக்சி பிடிச்சாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? நான் எம்புட்டுத் தொலைவுல இருந்து வாரேன்" என்றான்.  உடனே அவன் வரிசையில் நின்ற டாக்சிக்காரரிடம் போய்ப் பூனாவுக்குப் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்ப முடியுமா என்று கேட்டான். அவர் சிரித்தார். போனாலும் பிரயோஜனமில்லை. கப்பலில் கொடுத்த இறங்கு சீட்டு பம்பாய் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும் என்று ஷீலா வாசித்துச் சொன்னாள். பிறந்த நாட்டில் அவனுக்கு அவ்வளவுதான் இடம்.

"சரி விடு. ஊரச் சுத்திக் காட்டுங்க. பாத்ததெல்லாம் அம்மகிட்டப் போய்ச் சொல்லு" என்றான். மதினி படகில் பக்கத்துத் தீவுக்குக் குகைக்கோயில் பார்க்கப் போய்விட்டாளாம். அண்ணன் முழுக்க எங்கள் கையில் இருந்தான்.

கேட்வே வளைவுக்குப் போனோம். கடல் பக்கச் சுவரில் சாய்ந்து நின்றான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். கீழே தண்ணீர் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். டாக்சியில் கடற்கரைச் சாலை முழுவதும் அவன் கப்பலைப் பற்றியே பேசினான். கப்பலுக்குள்ளே நீச்சல்குளம் இருக்கிறதாம். மலபார் ஹில் பூங்காவில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தான். உதடு வெளுத்திருந்தது. அங்கேயும் எப்படிச் சொல்ல?

கடை கண்ட இடமெல்லாம் இறங்கினான். பல் இல்லாத வாய்க்கு மெத்தென்று இருக்கும் என்று தாள்போலத் தட்டையான பம்பாய் அல்வா ஒரு பெட்டி. காலில் வீக்கம் என்றாயே என்று ரப்பர் செருப்பு ஒன்று. குளிருக்குச் சால்வை. "அம்மைக்கு இந்தக் கலர் பிடிக்குமா, பிள்ள?" என்று கேட்பான். பிடிக்கும் என்பேன். எல்லாவற்றையும் என் பையில் போட்டான். எல்லாம் டின்னின் மேலே அடுக்கடுக்காக ஏறின. பையை நான் வச்சுக்கிடுதேன் என்று இரண்டு தடவை கேட்டான், நான் கொடுக்கவில்லை. ஷீலா என்னை ஒவ்வொரு கடையிலும் முறைத்துப் பார்த்தாள்.

கோட்டைப் பக்கம் ஒரு இரானி ஹோட்டலில் டீ குடிக்க உட்கார்ந்தோம். அண்ணன் சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். உள்ளே காது மிஷின், அவரைக்காய் அளவுதான் இருக்கும்.

"இதுக்காகத்தான் பிள்ள இந்தக் கப்பல்லயே ஏறினேன்" என்றான். "பார்சல்ல அனுப்பிருப்பேன். அம்மைக்குக் காதுல வைக்கத் தெரியாது. என் கையாலதான் வச்சுவிடணும்னு நெனச்சேன்."

திருகைத் திருப்பி உள்ளங்கையில் வைத்து மூடினான். கைக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. கையை விரித்தால் நின்றது. மறுபடி மூடினான், மறுபடி வந்தது. "பாட்டரி இருக்கான்னு இப்படித்தான் பாக்கணும். மூடி வச்சா கூவும்." பிறகு அதை என் காதில் மாட்டிவிட்டான். ஹோட்டல் முழுவதும் என் மண்டைக்குள் வந்துவிட்டது. கண்ணாடி கிளாஸ்கள், கல்லாவில் விழும் சில்லறை, என் பக்கத்தில் ஷீலாவின் மூச்சு.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் டிரங்கால் போட்டேன்லா? அம்மே, எனக்கு நாளைக்கு நெஞ்சு ஆபரேஷன், பயமா இருக்குன்னேன். சரிப்பா, நல்லது, சாப்பிட்டியான்னு கேட்டா." சிரிக்கத்தான் தொடங்கினான். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது. "இனி கேக்கும். போய் இறங்கினதும் போன் போடுதேன். இனி எல்லாம் கேக்கும்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பக்குவம் பேசிய ஒவ்வொருவரையும் அந்த மேஜைக்கு இழுத்துவந்து உட்கார வைக்க வேண்டும்போல இருந்தது.

5

மறுபடியும் துறைமுக வாசல். காலையில் இருந்த அதே ஹவில்தார். கப்பல் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே சொல்லிவிடுவேன், இந்தக் கம்பத்தைத் தாண்டியதும் சொல்லிவிடுவேன் என்று நான் நடந்துகொண்டே இருந்தேன். கம்பங்கள் தீர்ந்துவிட்டன.

அண்ணன் காது மிஷின் பெட்டியை என்னிடம் தரவில்லை. ஷீலாவிடம் நீட்டினான்.

"உங்கம்மைக்குப் பொறுமை கிடையாது. நீதான் ஆச்சிக்குத் தினமும் வச்சுவிடணும். ப்ராமிஸ் பண்ணு" என்று உள்ளங்கையை விரித்தான்.

ஷீலா அந்தக் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையில் அடிக்க அவளுக்குக் கை எழவில்லை.

"மாமா," என்றாள். "ஆச்சி இல்ல மாமா. ஆச்சி செத்துப் போச்சு. மம்மிக்கு... மம்மிக்கு சொல்ல வரல."

நாயும் பூனையும் செத்ததைச் சொல்வதுபோலத்தான் அவளுக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரிந்தது. ஆனால் அன்று முழுவதும் நான் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள்.

அண்ணன் விழவில்லை, கத்தவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. நாங்கள் இவ்வளவு பயந்த எதுவும் நடக்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"எப்ப?"

"நீ சூயஸ் பக்கம் வந்திருப்ப அண்ணே. காய்ச்சல். நெஞ்சு ஆபரேஷன் ஆனவன்னு எல்லாரும்..."

"காலைல இருந்து அல்வாவும் செருப்பும் வாங்கினேன்லா பிள்ள," என்றான் மெதுவாக. "நீயும் பையப் பிடிச்சுக்கிட்டே வந்தியே. கலர் பிடிக்கும்னு சொன்னியே."

  பையில் இருந்து சால்வை, அல்வா, செருப்பு எல்லாவற்றையும் எடுத்து ரோட்டோரக் கல்லில் வைத்துவிட்டு, அடியில் கிடந்த டின்னை எடுத்துத் திறந்தேன். அம்மா மண் என்று மட்டும் சொன்னேன். அவன் அந்த நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றினான். டின்னுக்குள் கையை விட்டு அள்ளி, அதற்குள்ளேயே போட்டான். மூன்று தடவை. ஹவில்தார் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்காதபடி மறைத்துக்கொண்டார்.

பிறகு அண்ணன் டின்னை என்னிடமிருந்து வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். மூடியை நன்றாக அழுத்தி மூடி, டின்னையும் காது மிஷின் பெட்டியையும் ஷீலாவிடம் கொடுத்தான். அவள் தலையில் கை வைத்தான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனான்.

6

டெக்கான் குயின் ரயிலில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. பை என் மடியில் இருந்தது. கல்யாண் தாண்டி ரயில் சத்தம் கொஞ்சம் அடங்கியபோது, பைக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. மெல்லியதாக, விடாமல். எதிரே இருந்தவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். ரேடியோவா என்று கேட்டார்.

ஷீலா தன் கையில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். அது காலியாக இருந்தது. அவளுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. டின் மூடியைத் திறந்து திருகைத் திருப்பினால் நின்றுவிடும். இரண்டு பேருக்கும் கை போகவில்லை. மலையேறும்போதும் குகைப்பாதைகளுக்குள் போகும்போதும் அது கூவிக்கொண்டே வந்தது. தளேகாவ் பக்கம் ஷீலா என் தோளில் சாய்ந்து அழுதாள். குழந்தையாக இருந்த பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு எனக்கு எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஷீலாவுக்கு ஒரு கார்டு வரும், இங்கிலீஷில். அதில் என் பெயர் இருக்காது. நான் எழுதியவற்றுக்குப் பதில் வந்ததில்லை. அவன் கடலில் குதித்துவிடுவான் என்று பயந்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அவன் உயிரோடுதான் இருக்கிறான், எனக்குத்தான் இல்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வீட்டுக்காரர் மேட்டில் ஒரு சாண் ஆழம் தோண்டினார். டின்னைத் திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. மண்ணுக்கு மேலே மிஷின் கிடந்தது.

"விலை கூடின சாமான்லா. யாராவது காது கேக்காத ஏழைக்குக் குடுக்கலாம். பாட்டரியவாவது கழட்டு" என்றார் அவர்.

"வேண்டாம் பப்பா," என்றாள் ஷீலா. 

மிஷினைக் குழிக்குள் வைத்து, டின்னில் இருந்த மண்ணை அதன் மேல் கொட்டினேன். மண் மூடியதும் உள்ளிருந்து அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. குனிந்தால்தான் கேட்கும், அவ்வளவு சன்னமாக.

அம்மாவிடம் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட நான் கத்த வேண்டியிருந்தது. பத்து வருஷம் கத்தியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்திருக்கிறார்கள். அன்று காலையில் நான் மண்டியிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கத்தாமல் சொன்னேன்.

"அம்மா, அண்ணன் வந்துட்டுப் போயிட்டான்."